கதவு பூட்டு

பெயர் எழுதும் பெட்டியில்
தமிழில் அடித்தால் கட்டம் கட்டமாக வந்தது.
மூன்று காலிக் கட்டங்கள்.
சரி, அதுவே என் பெயர் என்று
குகையை விட்டு வெளியே வந்தேன்.

அந்த முதல் வெளிச்சத்தை
யாரிடம் எப்படிச் சொல்ல?
புல், ஆறு, ஆற்றுக்கு அப்பால் பனி போர்த்திய மலை.
கண்ணுக்குத் தெரிகிற மலைக்கெல்லாம் நடந்தே போகலாம் என்றான்
கேமை ஏற்றிக் கொடுத்த அடைக்கப்பன்.
நம்பாமல்தான் நடந்தேன்.
இரண்டு ராத்திரி பிடித்தது.
உச்சியில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு கேரட்.
அழ வேண்டும்போல் இருந்தது,
வருத்தத்தில் இல்லை.

பகலில் நான் மின்வாரியக் கணக்கீட்டாளர்.
பள்ளத்தூர், கானாடுகாத்தான், கொத்தமங்கலம்.
ஒரு தெருவில் தொடங்கும் வீடு
அடுத்த தெருவில் போய் முடியும் ஊர்கள்.
முன்வாசலில் மணியடித்து, வெயிலில் சுற்றிப் போய்
பின்வாசலையும் தட்டிவிட்டுப் பதிவேன்:
கதவு பூட்டு.
பங்காளிகள் முப்பது பேர், சாவி ஏழு பேரிடம்,
வழக்கு மதுரையில்.
கதவு பூட்டு. கதவு பூட்டு.

ராத்திரி அந்த நாட்டிலும் இதே பிழைப்பு.
திறந்த உலகம் என்று பெயர்தான்;
நகரத்துக் கதவுகளில் பாதி சுவரில் வரைந்தவை.
முட்டி நின்றாலும் கை நீளாது.
அரக்கன் வானத்தைக் கிழித்துக்கொண்டிருக்கிறான்,
உலகத்துக்கு மூன்று நாள் கெடு என்கிறார்கள்.
நான் நாலு மாதமாகப் பச்சிலை பறிக்கிறேன்.
மூன்று நாள் முடிந்தபாடில்லை.
கூடுதலாக ஒரு வாளை எடுத்தால்
'சுமை அதிகம்' என்று கால் இழுக்கிறது.
எதைக் கீழே போட?
முப்பத்தெட்டு பாலாடைக்கட்டி இருக்கிறது,
என்றைக்காவது உதவும்.
குதிரை ஒரு நாள் கோயில் கூரைமேல் நின்றது.
எப்படி ஏறியது என்று அதற்கும் தெரியவில்லை.

கடல் நாகத்தை ஒன்றரை மணி நேரம் அடித்து
கடைசி வெட்டுக்கு ஓங்கும்போது
கரண்டு போச்சு.
சேமிக்கவில்லை.
இருட்டில் லைன்மேன் ஆண்டியப்பனைக் கூப்பிட்டேன்.
"நம்ம ஆளு, நீங்களுமா மேடம்?" என்று சிரித்தார்.
ஊரார் வாரியத்தை வைகிற வார்த்தைகளை
ஒன்று விடாமல் நானும் வைதேன்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை.
பாலத்தடி வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.
"என் மகனைப் பார்த்தீர்களா?"
பார்த்தேன். ஓநாய்க் குகையிலிருந்து மீட்டு வந்தேன்.
வழி நெடுக என் காலை இடறிக்கொண்டே வந்தான்.
வாசலில் நுழைகையில் ஏதோ பிசகு:
பாதி உடம்பு சுவருக்குள்,
பாதி அவள் பக்கத்தில்.
கண்ணை மட்டும் சிமிட்டுகிறான்.
அவள் என்னிடம்,
"என் மகனைப் பார்த்தீர்களா?"
பழைய சேமிப்புக்குப் போய்
மூன்று தடவை கூட்டி வந்து பார்த்தேன்.
மூன்று தடவையும் சுவர்.

போன செவ்வாய்,
ஆறு வருடமாகப் பூட்டு என்றே பதிந்த ஒரு வீடு
திறந்து கிடந்தது.
முற்றம் தாண்டி முற்றம்.
என் கண் தானாக மூலைகளில் ஜாடி தேடியது,
உடைத்தால் காசு வரும் என்று.
பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர்,
பினாங்கிலிருந்து வந்திருக்கிறாராம், மடியில் டார்ச்.
"மீட்டர் பின்கட்டுல இருக்கும்மா."
குறித்துக்கொண்டு திரும்பும்போது
அதே வாக்கியத்துக்குத் தயாராக இருந்தேன்.
அவர் வேறு சொன்னார்:
"இதுல ஏதோ ஒரு ரூம்லதான் நான் பொறந்தேனாம்.
எதுன்னு தெரியல."
பதில்களின் பட்டியல் எதுவும்
என் முன்னால் எழும்பி வரவில்லை.
"நாலு யூனிட், சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி நாகத்திடம் போகவில்லை.
பாலத்தடி வீட்டில், அவளிடம் பேசாமல்,
சுவரிலிருந்து நீண்ட கைக்குக் கீழே
ஒரு பாலாடைக்கட்டியைப் போட்டேன்.
கேம் அதைக் கணக்கில் எடுக்காது.
சுமை கால் கிலோ குறைந்ததாக மட்டும் காட்டியது.

வரைபடத்தில் திறந்தது
இன்னும் நாற்பத்தொரு சதவீதம்தான்.
காலையில் கொத்தமங்கலம் கடைசித் தெரு பாக்கி.
அங்கே ஒரு நாய் வேறு.